வறட்சியைத் தாங்கும் கோதுமையும் மரபணு அடையாளங்களும்: சனிக்கிழமை வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். வியாசர்பாடியில் ஒரு சிறிய நூலக அறையில் சனிக்கிழமை மாலைகளில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் இளநிலைப் பட்ட மாணவர்களுக்கும் வகுப்பு எடுத்து வருகிறேன். பயிர்களில் மரபணு அடையாளங்களைப் பயன்படுத்துவது பற்றிச் சில வாரங்கள் தொடர்ந்து பேசியபோது மாணவர்களும், அவர்களை அழைத்துச் செல்ல வந்த பெற்றோரும், சௌகார்பேட்டையில் மாவு மில் நடத்தும் பெரியவர் ஒருவரும் கேட்ட கேள்விகளைக் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கு அங்கே அவசரமாகச் சொன்ன விடைகளை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

நாம் சோறு உண்பவர்கள். கோதுமை வறட்சியில் வாடினால் நமக்கு என்ன?

சர்க்கரை நோய் வந்த பிறகு நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிவிட்டது. தெருமுனைப் பரோட்டாவின் மைதா, டீக்கடை பன், காலையில் கிளறும் ரவை உப்புமா, சேமியா எல்லாமே கோதுமைதான். தமிழ்நாட்டில் கோதுமைச் சாகுபடி இல்லையென்றே சொல்லலாம் என்பதால், பஞ்சாபிலும் மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைவதை நம்பியே நாம் இவற்றை உண்கிறோம். 2022 மார்ச் மாதத்தில் வட இந்தியாவில் முன்கூட்டியே அடித்த வெப்பத்தில் கதிர்கள் மணி முற்றாமல் காய்ந்தன. அவ்வாண்டு மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அங்கே வயலில் நிகழ்வது சில வாரங்களில் கொத்தவால்சாவடியின் மூட்டை விலையில் தெரிந்துவிடும்.

இந்தியாவில் கோதுமைக்குப் பெரும்பாலும் பாசனம் உண்டு என்று படித்தோம். பிறகு வறட்சி எங்கிருந்து வருகிறது?

படித்தது சரியே. இந்தியக் கோதுமைப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஏதோ ஒரு வகையில் பாசனம் பெறுகிறது. ஆனால் 'பாசனம் உண்டு' என்பதும் 'தேவையான ஒவ்வொரு முறையும் தண்ணீர் கிடைக்கிறது' என்பதும் ஒன்றல்ல. நன்றாக விளைய நான்கு முதல் ஆறு முறை தண்ணீர் பாய்ச்ச வேண்டிய இடத்தில், ஒன்றோ இரண்டோ பாய்ச்சுவதோடு நிறுத்திக்கொள்ளும் விவசாயிகள் ஏராளம். விதைத்த 20 முதல் 25 நாட்களில் தண்டின் அடிக்கணுவிலிருந்து நிலையான வேர்கள் புறப்படும். அந்த நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் தூர்கள் குறைந்துவிடும். கதிர் வந்து பால் பிடிக்கும் பருவத்தில் ஈரம் இல்லாவிட்டால் மணி சிறுத்துவிடும். மத்திய இந்தியாவின் கரிசல் நிலத்தில், மழைக்காலத்தில் மண் பிடித்து வைத்த ஈரத்தை மட்டும் நம்பி மானாவாரியாக விதைப்பதும் உண்டு. பஞ்சாபிலோ நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போய்க்கொண்டிருக்கிறது; இன்று இறவையாக இருக்கும் நிலம் நாளை எப்படி இருக்கும் என்ற கவலை அங்கே உண்மையானது.

வெப்பமும் வறட்சியும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தாலும், அவை வேறு வேறு என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிறைந்த வயலிலும் மார்ச் மாத வெப்பம் மணியைச் சுருக்கிவிடும்.

வறட்சியைத் தாங்கும் மரபணு என்று ஒன்று இருக்கிறதா?

அப்படி ஒரே ஒரு மரபணு இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, நம் தெருக்களில் குடங்கள் வரிசையில் நின்றன. அந்தக் கோடையை எல்லா வீடுகளும் ஒரே விதமாகச் சமாளிக்கவில்லை. ஒரு வீட்டில் போர் ஆழமாக இருந்தது. ஒரு வீட்டில் சம்ப்பிலும் டிரம்மிலும் முன்பே சேமித்து வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் இருந்த தண்ணீரை அளந்து அளந்து செலவழித்தார்கள். இன்னொரு வீட்டினர், பள்ளி விடுமுறை தொடங்கியதும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கோதுமைச் செடியும் இந்த நான்கையும் செய்கிறது. வேரை ஆழமாக இறக்கும் ரகம் உண்டு. பூக்கும் முன்பே தண்டில் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, பின்னர் இலை காய்ந்தாலும் அதைக் கதிருக்கு அனுப்பி மணியை நிரப்பும் ரகம் உண்டு. இலையில் மெழுகைப் பூசிக்கொண்டும், உச்சி வேளையில் இலையைச் சுருட்டிக்கொண்டும், இலைத்துளைகளை இறுக்கி ஒவ்வொரு சொட்டுக்கும் கூடுதல் மாவுச்சத்தைத் தயாரித்தும் சிக்கனம் பிடிக்கும் ரகம் உண்டு. ஈரம் தீரும் முன்பே பூத்துக் காய்த்துத் தப்பித்துவிடும் ரகமும் உண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன.

மேலும், ஒரு ஊரின் மருந்து இன்னொரு ஊருக்குப் பயன்படாது. ஆழ்ந்த மண்ணில் ஈரம் இருக்கும் கரிசலில் நீண்ட வேர் பயன் தரும். அடியில் ஈரமே இல்லாத மண்ணில் அந்த வேரை வளர்க்கச் செலவழித்த உணவு வீண். ஆதலால் எந்த ஊரின், எந்தப் பருவத்தின் வறட்சி என்று கேட்காமல் 'வறட்சியைத் தாங்கும் ரகம்' என்று பேசுவது பொருளற்றது.

மரபணு அடையாளம் என்பது என்ன? அதுதான் அந்த மரபணுவா?

பெரும்பாலும் அல்ல. வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்கு வழி சொல்லும்போது 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு' என்கிறோம். பிள்ளையார் கோயில் அந்த வீடு அல்ல. ஆனால் கோயிலைக் கண்டால் வீடு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். குரோமோசோமில் நாம் தேடும் மரபணுவுக்கு அருகே, ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் டி.என்.ஏ.வின் வேதி எழுத்து வேறுபடும் இடம் ஒன்று இருந்தால் அதுவே அடையாளம். ஆய்வகத்தில் 'மார்க்கர்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அடையாளம் ஏமாற்றுவதும் இதனால்தான். மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அடையாளமும் மரபணுவும் மிக நெருங்கி இருந்தால் இரண்டும் ஒரே துண்டில் சேர்ந்தே போகும். இடைவெளி அதிகமானால் நடுவில் முறிந்து, கோயில் ஓர் ஊரிலும் வீடு வேறோர் ஊரிலும் ஆகிவிடும். அப்போது அடையாளம் இருப்பதாகச் சோதனை காட்டும் செடியில் நாம் விரும்பிய மரபணு இருக்காது. ஆகவே ஒரு மரபணுவின் இரு பக்கத்திலும் ஒவ்வோர் அடையாளம் வைத்துத் தேர்வு செய்வது வழக்கம்.

சில இடங்களில் மட்டும் வீட்டுக் கதவு எண்ணே நமக்குத் தெரியும். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைகளில் உள்ள ஆர்.எச்.டி. மரபணுக்கள் அப்படிப்பட்டவை, அவற்றில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் புரதம் பாதியில் நின்றுவிடுகிறது என்பது தெரிந்துவிட்டதால், அந்த எழுத்தையே நேராகச் சோதிக்கலாம். அத்தகைய அடையாளம் தவறுவதில்லை.

ஒரு நாற்றில் இந்த அடையாளம் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பி.சி.ஆர். சோதனையின் அடிப்படை வேலைதான் இங்கும். அந்த முறையை 1983-இல் கண்டறிந்த கேரி முல்லிஸ் 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இரண்டு வார நாற்றின் இலை நுனியில் விரல் நீளத்துக்கு வெட்டி எடுப்பார்கள். செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மாவாக அரைத்து, உப்பும் சோப்பும் போன்ற கரைசலில் ஊறவைத்து, புரதங்களைக் குளோரோஃபார்மால் நீக்கி, மேலே நிற்கும் தெளிந்த நீரில் குளிர்ந்த ஆல்கஹாலைச் சேர்க்கும்போது, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது இலவம்பஞ்சு இழை போல வெள்ளையாகத் திரண்டு மிதக்கும். அதுதான் டி.என்.ஏ. முதன்முதலில் அதைக் குழாயில் பார்க்கும் மாணவரின் முகத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கும் அதே மகிழ்ச்சி.

அதிலிருந்து அடையாளம் உள்ள சிறு பகுதியை மட்டும் பி.சி.ஆர். மூலம் கோடிக்கணக்கில் பெருக்குவார்கள். முன்பெல்லாம் அதை ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டைகளாகப் படித்தார்கள். இப்போது பெரிதும் பயன்படும் காஸ்ப் முறையில் தாயின் எழுத்துக்கு ஒரு நிறம், தந்தையின் எழுத்துக்கு இன்னொரு நிறம் ஒளிரும். இரண்டும் கலந்திருந்தால் அந்த நாற்று இரு பெற்றோரின் எழுத்தையும் வைத்திருக்கிறது என்று பொருள். நூற்றுக்கணக்கான நாற்றுகளை ஒரே நாளில் பிரித்துவிடலாம். அவை அனைத்தையும் வளர்த்து, காயவிட்டு, கதிர் அறுத்து, எடை போட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பருவம் முழுவதும் ஆகியிருக்கும்.

நெல்லைவிடக் கோதுமையில் இது ஏன் கடினம்?

நெல்லின் மரபுத்தொகுதியில், அதாவது அதன் மொத்த மரபுச் செய்தியில், ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள். மனிதனுக்குச் சுமார் 300 கோடி. ரொட்டிக் கோதுமைக்கோ சுமார் 1,700 கோடி. காரணம், அது மூன்று புற்களின் கூட்டுக் குடும்பம்: ஏ, பி, டி என்ற மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 7 ஜோடி, ஆக 42 குரோமோசோம்கள். டி தொகுதி, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, பயிராகிவிட்ட கோதுமையுடன் ஒரு காட்டுப் புல் தானாகக் கலந்ததில் வந்தது. இதனால் பெரும்பாலான மரபணுக்களுக்கு மூன்று ஏறக்குறைய ஒத்த பிரதிகள் உள்ளன. அடையாளம் எந்தப் பிரதியைக் காட்டுகிறது என்று உறுதிசெய்வதே பெரிய வேலை. நெல்லின் முழு வரிசை 2005-இல் வெளியாகிவிட்டது. 'சைனீஸ் ஸ்பிரிங்' என்ற கோதுமை ரகத்தின் முழுமையான வரிசையைப் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018-இல்தான் வெளியிட முடிந்தது. அதன் பிறகு இத்துறையில் வேலை வேகமெடுத்தது.

முதலில் இந்த அடையாளங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி, 'கணினியில் தேடினால் கிடைத்துவிடுமா, சார்?' என்று சேர்த்துக் கேட்டாள். கிடைக்காது. வயலில் தொடங்காத அடையாளம் எதுவும் இல்லை.

வறட்சியைத் தாங்கும் ஒரு ரகத்தையும் தாங்காத ஒரு ரகத்தையும் கலக்கிறார்கள். பேரப் பயிர்களை ஒவ்வொன்றாகத் தன்மகரந்தச் சேர்க்கையில் ஆறேழு தலைமுறை வளர்த்து, ஒவ்வொரு வரிசையும் தன்னளவில் மாறாத குடும்பமாக நிலைபெறச் செய்கிறார்கள். நூறு, இருநூறு குடும்பங்கள் இப்படித் தயாராகும். ஒவ்வொன்றிலும் பெற்றோரின் குரோமோசோம் துண்டுகள் வெவ்வேறு விதமாகக் கலந்திருக்கும். பிறகு அவற்றை ஒரு பாதியில் தண்ணீர் விட்டும் இன்னொரு பாதியில் தண்ணீரை நிறுத்தியும், ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களிலும் ஆண்டுகளிலும் பயிரிட்டு, பூத்த நாள், செடி உயரம், ஆயிரம் மணிகளின் எடை, மகசூல் என்று ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். நண்பகலில் பயிரின் மேற்பரப்பு வெப்பத்தை அளப்பதும் உண்டு. கொரோனாவின்போது கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானி நினைவிருக்கும். அதே அகச்சிவப்பு வகைக் கருவியைப் பயிருக்கு நேரே பிடிப்பார்கள். பக்கத்து வரிசையைவிடக் குளிர்ந்திருக்கும் வரிசையின் வேர்கள் இன்னும் எங்கிருந்தோ தண்ணீர் எடுக்கின்றன என்று பொருள்.

இத்தனையும் கையில் வந்த பிறகே, எந்தத் துண்டைப் பெற்ற குடும்பங்கள் காய்ந்த வயலில் தொடர்ந்து நன்றாக விளைந்தன என்று புள்ளியியல் கொண்டு தேட முடியும். நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு ஒன்று: கர்நாடகத்தின் தார்வாடு பெயரைத் தாங்கிய 'தார்வார் டிரை' என்ற மானாவாரி ரகத்தை 'சிட்டா' என்ற ரகத்துடன் கலந்து ஆராய்ந்தபோது, 4ஏ குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி, வறட்சியில் கிடைக்கும் மகசூலோடு வலுவாகத் தொடர்புடையதாகத் தெரிந்தது. 2007-இல் வெளியான அந்த முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அளந்தவர் கவனக்குறைவாக அளந்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் டி.என்.ஏ. படித்தாலும் கிடைக்கும் அடையாளம் பொய்யானதே. என் மாணவர்கள் கருவிகளையே முதலில் பார்க்க விரும்புகிறார்கள். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மதிய வெயிலில் குறிப்பேட்டோடு வரப்பில் நின்றவரின் எண்கள் இல்லாமல் அந்தக் கருவிக்குப் பார்வை கிடையாது என்பதை ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அடையாளம் கிடைத்த பிறகு புதிய ரகம் எப்படி உருவாகிறது?

விவசாயிகள் விரும்பிப் பயிரிடும் ஒரு ரகத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது, வறட்சியைத் தாங்கும் தன்மை மட்டும் குறைவு என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கும் ரகம் ஒன்றுடன் கலந்தால், பிள்ளையில் இருவரின் மரபும் பாதிப்பாதி. அந்தப் பிள்ளையை மீண்டும் விரும்பிய ரகத்தோடு கலந்தால் அதன் பங்கு சராசரியாக 75 விழுக்காடு; மீண்டும் கலந்தால் 87.5, அடுத்து 93.75. இதற்குப் பின்கலப்பு என்று பெயர். ஒவ்வொரு முறையும் கொடையாளியிடமிருந்து வந்த நல்ல துண்டு கைநழுவாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேதான் அடையாளம் உதவுகிறது.

மூன்று துண்டுகளைக் கொண்டுவர வேண்டுமென்றால், ஒரு பின்கலப்பில் அம்மூன்றையும் சேர்த்துப் பெற்றிருக்கும் நாற்று எட்டில் ஒன்றுதான். நூறு நாற்றில் பன்னிரண்டு, பதின்மூன்று தேறும். கண்ணால் பார்த்தால் நூறும் ஒரே மாதிரிப் பச்சையாகத்தான் இருக்கும். இலைத் துணுக்கைச் சோதித்தால் அந்தப் பன்னிரண்டும் தெரிந்துவிடும். அவற்றுள்ளும் மற்ற குரோமோசோம்கள் பெருமளவு விரும்பிய ரகத்தினுடையதாகவே மாறிவிட்ட நாற்றைத் தேர்ந்தால், ஓரிரு தலைமுறைகள் மிச்சமாகும். கொடையாளியின் நல்ல துண்டோடு ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத குணங்களையும் இப்படித்தான் கத்தரிக்கிறார்கள்.

டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் இத்தகைய பணிக்குக் கொடையாளியாகப் பயன்படுத்தப்பட்ட ரகங்களில் ஒன்று, இந்தூர் நிலையத்தில் மத்திய இந்திய மானாவாரிக்காக உருவான எச்.ஐ. 1500.

இதனால் எவ்வளவு காலம் மிச்சமாகும்?

பழைய முறையில் ஒரு ரகம் வெளிவரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆவது இயல்பு. அடையாளங்களால் அதில் சில ஆண்டுகள் குறையும். சமவெளியில் கோடையில் கோதுமை வளராது. அந்த மாதங்களில் நம் நீலகிரியின் வெலிங்டனில், 1954-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், இன்னொரு தலைமுறையை வளர்த்து எடுத்துவிடுகிறார்கள். கண்ணாடி வீட்டில் நாளொன்றுக்கு 22 மணி நேரம் விளக்கெரித்து ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் கடைசியில் நாடெங்கும் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் ஒருங்கிணைந்த வயல் சோதனையைச் சுருக்க வழியில்லை, சுருக்கவும் கூடாது.

இது மரபணு மாற்றப்பட்ட கோதுமையா? சாப்பிடலாமா?

இல்லை; தாராளமாகச் சாப்பிடலாம். இங்கே வெளியிலிருந்து எந்த மரபணுவும் ஆய்வகத்தில் புகுத்தப்படுவதில்லை. கோதுமையும் கோதுமையும் மகரந்தத்தால் கலக்கின்றன. பிறந்த நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க மட்டுமே டி.என்.ஏ. படிக்கப்படுகிறது.

மரபணு மாற்றப்பட்ட வறட்சிக் கோதுமை உலகில் உண்டு. சூரியகாந்தியின் மரபணு ஒன்றைப் புகுத்தி உருவாக்கிய எச்.பி.4 என்ற கோதுமைக்கு அர்ஜென்டினா 2020-இல் ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட கோதுமை எதற்கும் சாகுபடி அனுமதி இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பெற்றோர் என்னிடம் காட்டுகிறார்கள். அச்சத்தோடு கேட்பவருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியது நம் கடமை.

சௌகார்பேட்டை வாடிக்கையாளர்கள் இன்னும் 'சி-306' என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அது பழைய ரகம்தானே?

மில் வைத்திருக்கும் பெரியவரின் கேள்வி இது. ஆம், பழையதுதான், 1965-இல் வெளியானது. சப்பாத்தி மென்மையாக வரும் என்பதால் ராஜஸ்தான், குஜராத்திலிருந்து வந்து இங்கே தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் அதை மறக்கவில்லை. பயிர் அறிவியலாருக்கும் அது நெருக்கமான பெயர். உயரமாக வளரும், குறைந்த ஈரத்தில் தாக்குப்பிடிக்கும், இந்திய வறட்சி ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு வைக்கப்படும் ரகம் அது.

அதன் குறை, இலையிலும் தண்டிலும் துருப் பிடித்தது போலப் பரவும் பூஞ்சை நோயான துரு நோய். வெலிங்டன் நிலையத்தில், காட்டுப் புல் ஒன்றிலிருந்து கோதுமைக்கு வந்திருந்த துரு எதிர்ப்பு மரபணுக்களைத் திரும்பத் திரும்பப் பின்கலப்பு செய்து சி-306-க்குள் கொண்டுவந்து, எச்.டபிள்யூ. 2004 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். அந்த வேலையில் தேர்வு செய்தவை கண்களே. செடியில் துரு ஏறுகிறதா என்று தலைமுறைதோறும் பார்த்தார்கள். துரு நோயைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம். வேரின் ஆழத்தை அப்படிப் பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத குணங்களுக்கே அடையாளம் அதிகம் தேவைப்படுகிறது.

பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைக்கும் வறட்சிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, பலரும் கவனிக்காத தொடர்பு. ஜப்பானின் நோரின் 10 ரகத்தின் குட்டை மரபணுக்களை அமெரிக்கப் பயிர் அறிவியலார் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் தம் கோதுமைகளுக்குள் கொண்டுவந்தார். 1966-இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதையை இறக்குமதி செய்தது. அந்தப் பணியில் முன்னின்ற எம்.எஸ். சுவாமிநாதன் பிற்காலத்தில் நம் சென்னையிலேயே வாழ்ந்து 2023-இல் மறைந்தார். தண்டு குட்டையானதால், உரம் போட்டுக் கதிர் கனத்தாலும் பயிர் சாயவில்லை. நாட்டின் பசி தீர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அதே மரபணுக்கள் முளையுறையையும் குட்டையாக்குகின்றன. முளையுறை என்பது முளைக்கும் இலையை மண்ணைத் துளைத்து மேலே அழைத்து வரும் உறை. மேல் மண் காய்ந்து, ஈரம் ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே இருக்கும்போது விதையை அங்கே ஆழமாக விதைத்தால், உறை குட்டையான ரகத்தின் இலை மண்ணுக்குள்ளேயே மடிந்து நின்றுவிடும். ஆர்.எச்.டி. 8, ஆர்.எச்.டி. 18 போன்ற வேறு குட்டை மரபணுக்கள் தண்டை மட்டும் குறைத்து முளையுறையை நீளமாகவே விட்டுவைக்கின்றன. பழைய மரபணுவை நீக்கி இவற்றைக் கொண்டுவர அடையாளங்கள் மிகவும் பயன்படுகின்றன. வறட்சிக்கான அடையாளங்களில் நான் பெரிதும் நம்புவது இந்த வகையைத்தான். குணம் தெளிவானது, அளக்க ஓர் அடிக்கோல் போதும், பயன் எங்கே என்பதும் தெரிகிறது.

இதுவரை வெற்றி கிடைத்திருக்கிறதா?

துரு நோயில் ஐயத்துக்கு இடமில்லாத வெற்றி. 1995-இல் வெளியாகி வட இந்தியாவெங்கும் பரவிய பி.பி.டபிள்யூ. 343, பின்னர் மஞ்சள் துருவுக்கு இரையானது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அடையாளங்களின் உதவியால் எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து 2017-இல் 'உன்னத் பி.பி.டபிள்யூ. 343' என்று அதை மீட்டது.

வறட்சியில் மற்ற பயிர்கள் முந்திவிட்டன. ஐ.ஆர். 64 நெல்லில் வறட்சிக்கான துண்டுகளைச் சேர்த்த 'டி.ஆர்.ஆர். தான் 42' என்ற ரகம் வெளியாகியிருக்கிறது. கொண்டைக் கடலையில் வேரோடும் வறட்சியோடும் தொடர்புடைய பல குணங்கள் குவிந்திருக்கும் ஒரே பகுதியைப் பூசா 372 ரகத்துக்குள் கொண்டுவந்து, 2019-இல் பூசா கடலை 10216 வெளியிடப்பட்டது. கோதுமையில் அவ்வளவு பெரிய பயனை ஒரே துண்டில் வைத்திருக்கும் பகுதிகள் அரிது. ஓர் ஊரில் கைகொடுத்த பகுதி இன்னோர் ஊரில் ஒன்றும் செய்யாமல் போவது அடிக்கடி நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2002-இல் வெளியான டிரைஸ்டேல் என்ற தண்ணீர்ச் சிக்கனக் கோதுமைகூட டி.என்.ஏ. அடையாளத்தால் தேர்வானதல்ல, இலையிலுள்ள கார்பனின் இரு வகைகளின் விகிதத்தை அளந்து தேர்வானது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. மிகைப்படுத்திய வாக்குறுதிகளால் இத்துறைக்கு வரும் இளைஞர்கள் மூன்றாம் ஆண்டில் மனம் உடைவதை நான் விரும்பவில்லை.

சிறு சிறு பங்களிக்கும் நூறு மரபணுக்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒவ்வொன்றையும் தேடுவதை விட்டுவிட்டு, மரபுத்தொகுதி முழுவதும் பரவிய ஆயிரக்கணக்கான அடையாளங்களை ஒன்றாகப் படித்து, அளந்த வயல் எண்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு புதிய நாற்றுக்கும் ஒரு மதிப்பெண் கணிக்கும் முறை 2001-இல் கால்நடை இனவிருத்திக்காக முன்மொழியப்பட்டது. இப்போது கோதுமையிலும் வேரூன்றிவிட்டது. இதிலும் கணிப்பின் தரம், பயிற்சிக்குக் கொடுத்த வயல் எண்களின் தரத்தைத் தாண்டாது.

சம்பா கோதுமைக்கும் இதே அடையாளங்கள் பொருந்துமா?

ஓரளவுக்கு மட்டுமே. நம் கடைகளில் சம்பா கோதுமை என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஏ, பி தொகுதிகள் மட்டும் உள்ள, 28 குரோமோசோம் கொண்ட பழைய இனம். டி தொகுதியின் அடையாளங்கள் அதற்கு இல்லை.

பழைய நாட்டு ரகங்களை இன்னும் ஏன் பாதுகாக்க வேண்டும்?

ஆர்தர் வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலார் 1920-களிலும் 30-களிலும் இந்தியா உட்பட 32 நாடுகளின் சந்தைகளிலிருந்து திரட்டிய 827 நாட்டுக் கோதுமைகளின் டி.என்.ஏ. வரிசை 2024-இல் வெளியானது. அவை ஏழு மரபுக் குழுக்களாகப் பிரிந்தன. இன்றைய நவீன ரகங்கள் அவற்றுள் இரண்டு குழுக்களின் வழித்தோன்றல்கள் என்று தெரிந்தது. மற்ற ஐந்திலும் இருப்பதை நாம் இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை. வறண்ட ஊர்ச் சந்தையில் யாரோ ஒரு விவசாயி கைப்பிடி அளந்து கொடுத்த விதையில், நாம் தேடும் துண்டு இருக்கக்கூடும்.

வடசென்னையில் வயலே இல்லை. இங்கிருந்து ஒரு மாணவர் இத்துறைக்குப் போக முடியுமா?

முடியும். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தாவரவியல், உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்களும் முதுநிலையில் இப்பக்கம் திரும்பலாம். புள்ளியியலை வெறுக்காதீர்கள். கணினியில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் விடுமுறையிலேயே ஏதாவது ஒரு வயலில் இரண்டு வாரம் அளவெடுக்கும் வேலையைக் கேட்டுப் பெறுங்கள். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நெல் வயலாக இருந்தாலும் போதும்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. ரேஷன் கோதுமையில் நல்ல மணிகளாகப் பொறுக்கி, அடியில் ஓட்டையிட்ட இரண்டு தயிர்க் கப்புகளில் ஒரே அளவு மண் நிரப்பி, கப்புக்குப் பத்து விதை போடுங்கள். கூடவே இன்னும் பத்து மணிகளை ஈரத் துணியில் சுற்றி இருட்டில் வையுங்கள். ஒரு வாரத்தில் விரித்து, வெளிறிய முளையுறையின் நீளத்தை அடிக்கோலால் அளந்து எழுதுங்கள். மார்கழி, தை மாதங்களில் செய்தால் நம் ஊர் வெயிலிலும் நாற்று நிற்கும். பன்னிரண்டாம் நாளிலிருந்து ஒரு கப்புக்கு மட்டும் தண்ணீரை நிறுத்திவிட்டு, தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு மாடியில் போய்ப் பாருங்கள். சில நாட்களில் தண்ணீர் இல்லாத கப்பின் இலைகள் நீளவாக்கில் உள்நோக்கிச் சுருண்டு ஊசி போல நிற்கும்; மாலை ஆறு மணிக்கு அவற்றில் சில மீண்டும் விரிந்திருக்கும். பத்து நாற்றிலும் அது ஒரே நாளில் தொடங்காது. எந்த நாற்று முதலில் சுருண்டது, எது கடைசியில் சுருண்டது, எது மாலையில் முழுதாக விரிந்தது என்று நாள்வாரியாக எழுதி, அந்தக் குறிப்பேட்டைச் சனிக்கிழமை கொண்டுவாருங்கள்.